மிஞ்சிய ஆக்சிஜன்: லீனாக ஓடும் என்ஜினில் பழுது காணும் முறை

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதற்குமேல் போனால் கலவை லீன், குறைந்தால் ரிச். சரியான விகிதத்தை 1 என வைத்து அளக்கும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். லாம்டா 1.05 என்றால் காற்று ஐந்து சதவீதம் கூடுதல், 0.95 என்றால் ஐந்து சதவீதம் குறைவு. புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார் இந்தக் கணக்கை நேராகப் பார்ப்பதில்லை. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பெட்ரோலை அது அறியவே அறியாது. ஸ்கேனரில் பி0171, அதாவது 'கலவை மிகவும் லீன்' என்ற குறியீடு வந்த உடனே சென்சாரைக் கழற்றி எறிந்து புதிதாக மாட்டும் பழக்கம், இந்த வேறுபாடு மனத்தில் பதியாததால் வருவது. அந்தக் குறியீட்டை எழுப்பியது சென்சார்தான். ஆனால் அது சொல்வது தன்னைப் பற்றி அல்ல.

சென்சாரின் உள்ளே இருப்பது ஜிர்கோனியா என்னும் பீங்கான். விரல் நுனி அளவுள்ள அதன் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. ஒரு பக்கத்தில் புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. பீங்கான் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அதனூடே நகரத் தொடங்குகின்றன. இரு பக்கத்துக்கும் ஆக்சிஜன் அளவில் உள்ள வேற்றுமைக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. புகையில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாவிட்டால் 0.8 முதல் 0.9 வோல்ட், ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவு. லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் மின்னழுத்தம் செங்குத்தாக விழுகிறது. அந்தச் சரிவின் நடுவே, 0.45 வோல்ட்டில், என்ஜின் கணினியான இசிஎம் கோடு கிழித்துக்கொள்கிறது. கோட்டுக்கு மேலே போனால் பெட்ரோலைக் குறைக்கும், கீழே வந்தால் கூட்டும். நல்ல நிலையில் உள்ள காரில் சென்சார் ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976இல், கலிபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காக, வால்வோ கார்களில் முதன்முதலில் ஏறியது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளி தேவை. அந்த இடைவெளிக்குள் கலவையைப் பிடித்து வைக்கவே சென்சார் பிறந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வர்ட்டரையும் சென்சாரையும் ஒருங்கே கெடுக்கும். 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்த பிறகே இந்தத் தொழில்நுட்பம் கோவை போன்ற ஊர்களிலும் காலூன்ற முடிந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998இல் வெளிவந்த சான்ட்ரோ, பெட்ரோல் இன்ஜெக்ஷனைத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குக் கொண்டுவந்த கார்களில் ஒன்று. பழுதைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி ஏற்பாடு 2010இல் முதல் கட்டமாகவும் 2013இல் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதி ஸ்கூட்டர், மோட்டார்சைக்கிள் வரை இன்ஜெக்ஷனையும் ஆக்சிஜன் சென்சாரையும் கொண்டுசேர்த்துவிட்டது.

கார்பரேட்டர் காலத்தில் கலவையை அறியக் காதும் கண்ணுமே கருவி. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பேருந்து ஓட்டிய நாள் முதல், கொங்கு நாட்டு மெக்கானிக்குகள் அந்தக் கலையில் தேர்ந்தவர்கள். கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய வண்டிகள் அந்தக் கையாலும் காதாலும் ஓடியவை. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, முனை வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச் என்று சொல்வார்கள். ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகி, ஓட்டம் சீராகும் இடத்தைச் சத்தத்தில் பிடிப்பார்கள். அந்தத் திறமை இன்றும் மதிப்புள்ளது. ஆனால் இன்ஜெக்ஷன் என்ஜினில் ஒரு சிக்கல் உண்டு. கலவை லீனாகத் தொடங்கியதும் இசிஎம் கூடுதல் பெட்ரோல் ஊற்றி அதை ஈடுகட்டிவிடுகிறது. பிளக் சரியான நிறத்தில் இருக்கும், ஓட்டமும் சீராக இருக்கும். என்ஜின் தன் குறையைத் தானே மூடி வைத்துக்கொள்கிறது. ஈடுகட்டும் எல்லை முடிந்த பிறகுதான் பிக்கப் குறைவதும், காலையில் ஐடில் தடுமாறுவதும், மஞ்சள் விளக்கு எரிவதும். நோய் முற்றிய பிறகே காதுக்கு எட்டுகிறது. அதற்கு முன்பு அதைக் காட்டுவது இசிஎம் எழுதி வைத்திருக்கும் திருத்தக் கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்குக்கு ஃப்யூல் ட்ரிம் என்று பெயர். ஷார்ட் டேர்ம் ட்ரிம் நொடிக்கு நொடி மாறுவது. லாங் டேர்ம் ட்ரிம் பல நாள் அனுபவத்தைச் சேர்த்து வைப்பது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் ஐந்து என்றால், முதலில் வகுத்த அளவைவிட ஐந்து சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றப்படுகிறது என்று பொருள். கூட்டிய தொகை பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் நடுவே இருந்தால் கவலையில்லை. இருபது, இருபத்தைந்தைத் தொட்டு அங்கேயே நின்றால் பி0171 பதிவாகிறது. பதிவான அந்த நொடியில் என்ஜின் வேகம், சுமை, கூலன்ட் வெப்பம், ட்ரிம் ஆகியவை 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பெயரில் சேமிக்கப்படுகின்றன. வண்டி வந்ததும் முதல் வேலையாகக் குறியீட்டை அழிக்கும் பட்டறைகள், அந்த ஒரே தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகின்றன. அழிக்கும் முன் அதைத் தாளில் எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ட்ரிமை எங்கே பார்ப்பது என்பதில்தான் நோயறிதலின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது. ஐடிலில் ஒரு முறை, 2500 சுற்றில் ஒரு முறை, ஏற்றத்தில் பாரத்தோடு ஒரு முறை என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள ஒரு 2 லிட்டர் காரை எடுத்துக்கொண்டால், ஐடிலில் அந்த அளவி நொடிக்கு 2.5 கிராம் காற்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அளவிக்குப் பின்னால் ரப்பர் குழாயில் ஒரு விரிசல். அதன் வழியே அரை கிராம் காற்று கணக்கில் வராமல் நுழைகிறது. ஐந்தில் ஒரு பங்கு: ட்ரிம் கூட்டல் 20. என்ஜினை 2500 சுற்றுக்கு ஏற்றினால் மொத்தக் காற்று 10 கிராமைத் தாண்டுகிறது. விரிசல் வழி வரும் காற்று அதற்கேற்பக் கூடுவதில்லை. அதே அரை கிராம் இப்போது ஐந்து சதவீதம்கூட இல்லை. ஐடிலில் உயர்ந்து நின்று ரேஸ் பண்ணினால் இறங்கிவிடும் ட்ரிம், பட்டறை வழக்கில் சொன்னால் 'ஏர் இழுக்கிறது'. இந்த வடிவத்தைக் கண்டவர் சென்சாரின் பக்கமே போக வேண்டியதில்லை.

விரிசல் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம், பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய், இன்ஜெக்டரின் ஓ-ரிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட், மூடாமல் நின்றுவிட்ட பெர்ஜ் வால்வு ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. மாஸ் ஏர் ஃப்ளோ உள்ள வண்டியில் ஆயில் மூடி சரியாக உட்காராததும் டிப்ஸ்டிக் தூக்கி நிற்பதும்கூட ஐடிலைக் கெடுக்கப் போதுமானவை. கோவை ஆர்.எஸ்.புரத்தின் குறுக்குத் தெருக்களில் மரத்தடியில் வாரக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு எலியும் ஒரு காரணம். குழாயையும் ஒயரையும் ஒரே இரவில் கடித்துவிடும். கேஸ்கெட் கசிவு குளிர்ந்த என்ஜினில் மட்டும் வெளிப்பட்டு, சூடேறி விரிந்ததும் மறைவது உண்டு. ஆகவே வண்டியை இரவே வாங்கி வைத்துக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பார்ப்பது நல்லது. சூடான என்ஜின் மேல் கார்பரேட்டர் கிளீனர் அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. புகையைக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் செலுத்தி, எங்கே கசிகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் அதைவிடப் பாதுகாப்பானது, துல்லியமானதும்கூட.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இணையத்திலும் மேலைநாட்டுக் கையேடுகளிலும் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் மாஸ் ஏர் ஃப்ளோ உள்ள கார்களை மனத்தில் வைத்தவை. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பல, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைக் கொண்டு காற்றைக் கணக்கிடுபவை. அவற்றில் விரிசல் வழி நுழையும் காற்று மேனிஃபோல்ட் அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தத்தை இசிஎம் பார்க்கிறது. அதற்குரிய பெட்ரோலையும் ஊற்றுகிறது. விளைவு, கலவை அதிகம் லீனாவதில்லை. ஐடில் வேகம்தான் ஏறுகிறது. 750இல் நிற்க வேண்டியது 1100இல் நிற்கும், அல்லது ஏறி இறங்கி ஹன்டிங் ஆகும். ஆகவே மேப் சென்சார் காரில் ஐடில் வேகம் ஒழுங்காக இருந்தும் பி0171 வந்தால், பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர், புகைக்குழாய்க் கசிவு, மேப் சென்சாரின் பிழை ஆகியவற்றை முன்னால் வைத்துத் தேட வேண்டும். எந்த வகை அளவி என்று பார்க்காமல் குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது, நோயாளி யார் என்று கேட்காமல் மருந்து எழுதுவது போன்றது.

மேப் சென்சாரைச் சோதிக்கக் கோவையின் உயரமே ஒரு வசதி. ஊர் கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் சென்சார் காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தம்: ஏறத்தாழ 96 அல்லது 97 கிலோபாஸ்கல். அதே கார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77 அளவில் காட்ட வேண்டும். கோவையில் நிற்கும் கார் 88 என்று காட்டினால், இருக்கும் காற்றைவிடக் குறைவாகக் கணக்கிட்டுக் குறைவாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்று பொருள். லீனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஊட்டிக்கு ஏறினால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்பரேட்டர் வண்டிகள் அங்கே ரிச்சாகிக் கரும்புகை கக்கின. இன்ஜெக்ஷன் கார் இந்த ஒரு எண்ணைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. எண் தவறினால் திருத்தமும் தவறும்.

விரிசலுக்கு நேர் எதிரான வடிவமும் உண்டு. ஐடிலில் ட்ரிம் ஒழுங்காக இருக்கிறது. வேகமும் பாரமும் கூடக் கூட உயர்கிறது. பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம் இது. தளர்ந்த பம்பு, அடைத்த ஃபில்டர், கோந்து படிந்த இன்ஜெக்டர், பம்புக்குப் போகும் ஒயரில் மின்னழுத்த இழப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். ஐடிலில் சொட்டுச் சொட்டாகத் தேவைப்படும் பெட்ரோலை நொந்த பம்பும் கொடுத்துவிடும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில், குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் திணறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். 'ஊருக்குள்ளே நல்லா ஓடுது, மலை ஏறினா இழுக்க மாட்டேங்குது' என்று உரிமையாளர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. அழுத்தமானியை இணைத்து அளந்தால் மீதியும் வந்துவிடும். மேனிஃபோல்டில் பெட்ரோலைத் தெளிக்கும் பெரும்பாலான கார்களில் 3 முதல் 4 பார் இருக்க வேண்டும், பாரத்திலும் அது இறங்கக் கூடாது. அழுத்தம் சரியாக இருந்தும் மாஸ் ஏர் ஃப்ளோ காரில் இதே வடிவம் தெரிந்தால், அளவியின் சூடான கம்பியில் தூசோ, எண்ணெய் பூசிய ஃபில்டரின் பசையோ படிந்து, ஓடும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது என்று கொள்ளலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருப்பதால் லீனாகிறது என்ற நம்பிக்கை பரவலானது. அளவிக்கு முன்னால் உள்ள அடைப்பு காற்றைக் குறைக்கும், குறைந்த காற்றே அளக்கப்படும். கலவை மாறாது, சக்திதான் குறையும்.

லீன் கலவையால் பிஸ்டன் உருகிவிடும் என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரப் போக்குவரத்தில், குறைந்த பாரத்தில், சற்றே லீனாக ஓடுவதால் என்ஜின் உடனே அழிவதில்லை. மந்தமாக எரியும், தடுமாறும், கன்வர்ட்டர் நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்க முடியாமல் வெளியே விடும். முழு த்ராட்டிலில் நிலைமை வேறு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற களங்களில் ஓடும் பந்தய என்ஜின்களை லாம்டா 0.85 முதல் 0.9 வரை வேண்டுமென்றே ரிச்சாக வைப்பது, கூடுதல் பெட்ரோல் அறையைக் குளிர்வித்து நாக்கிங்கைத் தடுப்பதற்காக. நீண்ட ஏற்றத்தில் பம்பு தளர்ந்து அந்தக் காப்பு இல்லாமல் போவதுதான் பிஸ்டனுக்கு உண்மையான ஆபத்து.

சென்சார் பொய் சொல்லாமலேயே தவறான முடிவுக்கு அழைத்துச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் பிளக்கோ காயிலோ வேலை செய்யாவிட்டால் பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் எரியாது. இரண்டும் புகைக்குழாய்க்கு வருகின்றன. பெட்ரோலை அறியாத சென்சார் ஆக்சிஜனை மட்டும் கண்டு 'லீன்' என்கிறது. இசிஎம் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும்போதே ஸ்கேனர் லீன் என்று காட்டும் புதிர் இப்படித்தான் உண்டாகிறது. மிஸ்ஃபயரைச் சொல்லும் பி0300 வரிசைக் குறியீடும் பி0171-உம் சேர்ந்து வந்தால் முதலில் தீர்க்க வேண்டியது மிஸ்ஃபயர். மற்றொன்று, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் உள்ள கசிவு. புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரு துடிப்புக்கு இடையே அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்குகிறது. கேஸ்கெட்டின் மயிரிழை விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. சைலன்சரின் வாயைத் துணியால் சற்று அடைத்துவிட்டு, மேனிஃபோல்ட் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த என்ஜினில், கையில் சூடு படும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இப்போது பெட்ரோலே மாறியிருக்கிறது. எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் எரிய அதற்குக் குறைவான காற்று போதும். தூய எத்தனாலுக்கு ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றுதான். பத்து சதவீதம் கலந்தால் சரிவிகிதம் 14.1 அளவுக்கும், இருபது சதவீதம் கலந்த இ20-இல் 13.5 அளவுக்கும் இறங்குகிறது. நாடு 2022இல் பத்து சதவீதக் கலப்பையும் 2025இல் இருபதையும் எட்டியது. பத்து சதவீதத்துக்கு வகுக்கப்பட்ட கார் இ20 குடித்தால், சென்சாரின் சொல்லைக் கேட்டு இசிஎம் நான்கு, ஐந்து சதவீதம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். ஐடில், வேகம், ஏற்றம் என்று எல்லா இடத்திலும் ட்ரிம் ஒரே அளவாகக் கூட்டல் ஐந்தில் நின்றால் அது பழுது அல்ல, எரிபொருளின் இயல்பு. ஆனால் முன்பே பதினைந்தில் நின்று சமாளித்துக்கொண்டிருந்த கார், இந்த ஐந்து சேர்ந்ததும் இருபதைத் தொட்டு விளக்கை ஏற்றிவிடுகிறது. பழி புதிய பெட்ரோல் மேல் விழுகிறது. பழைய விரிசலோ தளர்ந்த பம்போ தப்பிக்கிறது. மேலும், எத்தனாலுக்கு என்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் அதில் ஊறி விரைவில் நலிவதுண்டு; பத்து ஆண்டு கடந்த கார்களில் அவற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனையும் விலக்கிய பிறகே சென்சாரின் முறை வருகிறது. அதைச் சோதிக்கும் கொள்கை எளியது: கலவையை வேண்டுமென்றே ரிச்சாக்க வேண்டும், வேண்டுமென்றே லீனாக்க வேண்டும், சென்சார் இரண்டையும் உடனே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் நன்கு சூடான பின், 2500 சுற்றில் வைத்து, ஏர் ஃபில்டர் வழியே சிறிது எரியும் ஸ்ப்ரேயைச் செலுத்தினால் 0.8 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். ஒரு வாக்குவம் குழாயைக் கழற்றினால் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். விழுவதும் எழுவதும் நொடியின் சிறு பகுதிக்குள் நடக்க வேண்டும். பத்து வினாடியில் எட்டு முறையேனும் 0.45-ஐக் கடக்காத சென்சார் சோம்பிவிட்டது. பி0133 என்பது அந்தச் சோம்பலுக்கான குறியீடு. ரிச்சாக்கியதும் சென்சார் துள்ளி எழுந்து, ட்ரிமும் இறங்கத் தொடங்கினால் சென்சார் நலம். என்ஜின் உண்மையிலேயே லீனாக இருந்தது. எவ்வளவு ரிச்சாக்கியும் 0.1-இலேயே கிடந்தால் மட்டுமே சென்சார் மீதோ அதன் ஒயர் மீதோ சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு.

கோவைக்காரர்களுக்கு இந்தச் சோதனையை ஸ்ப்ரே இல்லாமலே செய்ய ஒரு மலை இருக்கிறது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியே இறங்கும்போது, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துக் கியரிலேயே உருண்டால் இசிஎம் இன்ஜெக்டர்களை முழுவதும் நிறுத்திவிடுகிறது. புகைக்குழாயில் வெறும் காற்று ஓடுகிறது. நல்ல சென்சார் அப்போது ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே கிடக்கும். 0.3, 0.4 என்று தொங்கினால் அது கெட்டுவிட்டது, அல்லது அதன் எர்த் சரியில்லை. ஏறும்போது முழு த்ராட்டிலில் 0.8-க்கு மேல் நின்றதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் அளவுகோலின் இரு முனையும் சரிபார்த்தாகிவிட்டது. ஸ்கேனரைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்க வேண்டும். ஓட்டுபவரின் கண் கொண்டையூசி வளைவை விட்டு அகலக் கூடாது.

ஹீட்டர் தனிக்கதை. நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு ஒயர் ஹீட்டருக்கு உரியவை. பாஷ் வகையில் இரண்டும் வெள்ளை. கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் எர்த். பீங்கானை அரை நிமிடத்துக்குள் சூடாக்கி வேலைக்குத் தயார் செய்வது இந்த ஹீட்டர். ஹீட்டர் பழுதைச் சொல்லும் பி0135 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ், பிறகு கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்பது, அதன் பிறகே ஹீட்டரின் மின்தடை. ஆறிய நிலையில் அது பெரும்பாலும் சில ஓம் முதல் இருபது ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. டி.பி. ரோட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து உழவர் சந்தை, திரும்ப வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே ஓடும் ஆர்.எஸ்.புரம் கார்களுக்கு ஹீட்டர் உயிர்நாடி. அது செத்துவிட்டால் சென்சார் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது, இசிஎம் சென்சாரைக் கேளாமல் குருட்டுக் கணக்கில் பெட்ரோல் ஊற்றுகிறது, கரி படிகிறது, மைலேஜ் போகிறது.

வெளிக்காற்றுப் பக்கம் பலருக்கும் தெரியாதது. பீங்கானின் மறுபுறத்துக்குத் தேவைப்படும் காற்று, பல சென்சார்களில் ஒயரின் உறைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியேதான் உள்ளே போகிறது. ஒயரை வெட்டிச் சால்டர் வைத்தாலோ, கனெக்டரில் கிரீஸ் பூசினாலோ, அந்த வழி அடைபடுகிறது. எலி கடித்த ஒயருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை இங்கே செல்லாது. உரிய கிரிம்ப் கனெக்டர் வேண்டும்.

கழற்றிய சென்சாரின் முனை பேசும். கறுத்த கரி என்றால் ரிச் கலவை. வெள்ளைப் பொடி என்றால் பொருந்தாத சிலிக்கோன் பசை கொண்டு கேஸ்கெட் ஒட்டியிருக்கலாம், கூலன்ட் கசிந்து எரிந்திருக்கவும் கூடும். செங்கல் நிறம் என்றால் இரும்போ மாங்கனீசோ உள்ள ஆக்டேன் கூட்டுப்பொருள். காரணத்தை நீக்காமல் சென்சாரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பதும் பெட்ரோலில் ஊறவைப்பதும் பிளாட்டினப் பூச்சைக் கெடுக்கும் வேலைகள்.

புதிய கார்களில் முன் சென்சார் பெரும்பாலும் வைட்பேண்ட் வகை. லீனா ரிச்சா என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு என்றும் சொல்லும். உள்ளே இருக்கும் சிறு பம்பு அறை, ஆக்சிஜனை ஏற்றியோ இறைத்தோ, அளவு அறையை 0.45 வோல்ட்டிலேயே பிடித்து வைக்கிறது. அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டமே அளவு. இதைப் பழைய பழக்கத்தில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது பயனற்றது. ஸ்கேனரில் வோல்ட்டாகக் காட்டும்போது பல வண்டிகளில் எண் ஏறினால் லீன், இறங்கினால் ரிச். பழைய சென்சாருக்கு நேர் எதிர். இதை அறியாமல் நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. ஆகவே வோல்ட்டை விட்டு, லாம்டா எண்ணையே படிப்பது நல்லது.

கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சாரின் வேலை, கன்வர்ட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல கன்வர்ட்டரின் பின்னே அது 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். முன் சென்சார் போலவே ஊசலாடினால், கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது என்று சொல்லும் பி0420 குறியீடு வரும். இதை மறைக்கச் சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே ஸ்பேசர் வைத்து விற்பதும், டம்மி சர்க்யூட் மாட்டுவதும் நடக்கின்றன. விளக்கு அணைகிறது, நச்சு அணைவதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் ஸ்கூட்டரில் வருபவரும், சிக்னலில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும். எந்தப் பட்டறையும் அதைச் செய்யக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றானால், என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது, ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்ற வேண்டும். புதிய சென்சாரின் மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் பூசலாம், முனையில் படக்கூடாது. குறியீட்டை அழித்து, லாங் டேர்ம் ட்ரிமை மீட்டமைத்து, ஐடிலிலும் 2500 சுற்றிலும் ஏற்றத்திலும் ட்ரிமை மறுபடி பார்த்து, முதலில் எழுதி வைத்த எண்களுக்கு எதிரே எழுத வேண்டும். ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டிய அதே வேகத்திலும் சுமையிலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். புகைச் சான்று தரும் பியூசி மையத்தில் பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பது உச்ச வரம்பு. உயர் ஐடிலில் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே இருக்க வேண்டும். புகையை வெளியே நின்று அளக்கும் அந்தக் கருவி காட்டும் லாம்டாவும், ஸ்கேனரில் தெரியும் லாம்டாவும் ஒத்துப்போனால் சென்சார் சொல்வது சரி. கருவி 1.00 என்று காட்ட, ட்ரிம் இன்னும் கூட்டல் பதினெட்டில் நின்றால், கலவை ஈடுகட்டப்பட்டிருக்கிறதே தவிரப் பழுது இன்னும் வண்டியிலேயே இருக்கிறது.